வெள்ளணி நாள்

"என்ன தீமுங்க, சார்?" என்று கேட்டார் அலங்காரக்காரர்.

நான் விழித்தேன். நாவலுக்குக் கரு என்ன என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். பல வருஷமாக அந்தப் பழக்கம் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்த நாளுக்குக் கரு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் என் சங்கடத்தைப் புரிந்துகொண்டு கைப்பேசியை நீட்டினார். காடு, கடல், விண்வெளி, ரயில்வண்டி, பட்டாம்பூச்சி என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தில் பலூன், அந்த நிறத்தில் கேக், வருகிற குழந்தைகளுக்கு அதே தினுசில் தொப்பி. என் மகள் எட்டிப் பார்த்தாள். ஒரு விநாடிகூட யோசிக்காமல், "ராணி" என்று ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாள். தங்கக் காகிதக் கிரீடமும் சிம்மாசனமும் உள்ள படம் அது. "எல்லாரும் ராணி. பசங்க வந்தா ராஜா" என்று உத்தரவும் போட்டுவிட்டாள்.

ஆக, வடவள்ளியில் உள்ள எங்கள் சின்ன வீட்டின் கூடம் அரண்மனையாவது என்று முடிவாயிற்று. அரண்மனை என்றால் அதில் ஓர் எதிர்க்கட்சியும் இருக்க வேண்டுமல்லவா? இருந்தது. என் அமுச்சி. கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவளை அமுச்சி என்போம். தொண்ணூறைத் தாண்டியவள். எத்தனை தாண்டினாள் என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "பைக்காராக் கரண்டு வந்த வருசத்துக்கு முந்தின வருசம், சோளம் அறுக்கறப்ப" என்பதுதான் அவளுடைய ஜாதகம். பைக்காரா மின் நிலையம் 1932ல் ஓட ஆரம்பித்தது. மற்றதை வாசகர்கள் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

அமுச்சிக்கு இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது: "ஊரைக் கூட்டி வெச்சுக்கிட்டு, எங் கொழந்தைக்கு இத்தனை வயசாச்சு, இத்தனை வயசாச்சுன்னு எண்ணிக் காட்டோணுமா? கண்ணு பட்டுருமே, சாமி." இரண்டாவது இன்னும் கடுமையானது: "வெளக்க ஊதி அமத்திப் போட்டா நல்ல நாள் கும்புடறது? ஏத்தறதல்ல முறை?"

என் மனைவி இருதரப்புக்கும் நடுவில் நின்று தவித்தாள். நானோ, வீட்டில் போர் மூண்டால் எழுத்தாளர்கள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். புத்தக அலமாரிக்குள் புகுந்துகொண்டேன். பிறந்த நாள் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, குழந்தைகளுக்கு அது எப்போது கிடைத்தது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. பார்த்த அளவில் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. என் மகளின் விரல் தற்செயலாகப் போய் விழுந்த இடம் சரித்திரத்தின்படி மிகவும் சரியான இடம்.

ஏனென்றால் பிறந்த நாள் ஆதியில் ராஜாக்களுக்கே உரியது.

தொல்காப்பியத்தின் புறத்திணை இயலைப் புரட்டுங்கள். அரசனைப் பாடும் துறைகளில் ஒன்றாக, அவன் பிறந்த நாளைப் பாடும் பெருமங்கலம் அங்கே இருக்கிறது. பின்னாளில் பாட்டியல் நூல்கள் இதற்கு நாண்மங்கலம் என்று பெயர் வைத்தன. அந்த நாளில் அரசன் கோபத்தைக் கைவிட வேண்டும் என்பது மரபு. உரையாசிரியர்கள் இதை விரித்து ஒரு பட்டியலே தருகிறார்கள்: சிறையில் கிடப்பவர்களை விட வேண்டும், போரை நிறுத்த வேண்டும், கொலைத் தண்டனை கூடாது, வரி தவிர்க்க வேண்டும், தானம் செய்ய வேண்டும். அன்று அரசன் வெண்மையான ஆடையும் அணியும் பூணுவான். அதனால் அந்த நாளுக்கு வெள்ளணி நாள் என்றே ஒரு பெயர்.

அலங்காரக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. "ஐயா, தீம் என்பது நீங்கள் கண்டுபிடித்தது அல்ல. தமிழனின் முதல் பிறந்த நாளுக்கே தீம் உண்டு. நிறம் வெள்ளை."

இலக்கணத்தில் மட்டும் இருந்த வழக்கம் அல்ல இது; கல்லிலும் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் பிறந்தது ஐப்பசிச் சதயம். குமரி மாவட்டத்துத் திருநந்திக்கரையில் உள்ள கல்வெட்டு, அந்தச் சதய நாளில் விழா எடுப்பதற்காகச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. அவன் மகன் ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரை என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டிலிருந்து தெரிந்துகொள்கிறோம். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு தமிழக அரசாங்கம் இந்த இரண்டு நாட்களையும் அரசு விழாவாகக் கொண்டாடத் தொடங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோழ ராஜாவின் பிறந்த நாள் நட்சத்திரத்தின் பேரால் வருகிறது. தேதியின் பேரால் அல்ல. விழா நடக்கும் இடம் கோயில். சாப்பிடுகிறவர்கள் ஊரார். 'இன்றைக்கு ராஜாவுக்கு எத்தனை வயது?' என்ற கேள்வியே அங்கு எழவில்லை. நட்சத்திரம் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்; வயது போனால் போனதுதான். நம் முன்னோர்கள் திரும்பி வருகிற பொருளைக் கொண்டாடினார்கள். அமுச்சியின் முதல் ஆட்சேபத்துக்குச் சோழர் காலத்து ஆதரவு இருப்பதாக எனக்குப் பட்டது.

எண்ணவே இல்லை என்று சொன்னால் தப்பு. ஆண்டு நிறைவு உண்டு; அறுபதுக்கு அறுபது உண்டு; எண்பதுக்குச் சதாபிஷேகம் உண்டு. வாழ்க்கையின் இரண்டு ஓரங்களில் மட்டும் எண்ணினோம். இடையில் உள்ள வருஷங்களை எண்ணாமல் விட்டோம்.

இடையிலும் எண்ணினவர்கள் வடக்கே இருந்தார்கள். அக்பர் பாதுஷா தம் பிறந்த நாளில் தராசில் ஏறி உட்கார்ந்து பொன், வெள்ளி, பட்டு, தானியம் முதலியவற்றுக்கு எதிராகத் தம்மை நிறுத்துக்கொண்டார். அந்தப் பொருள்களெல்லாம் தானமாகப் போயின. அவருடைய மகன் ஜஹாங்கீரின் காலத்தில் இங்கிலாந்து ராஜாவின் தூதராக வந்திருந்த ஸர் தாமஸ் ரோ, இந்தத் துலாபார வைபவத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த விஷயம் ராஜகுமாரர்களைப் பற்றியது. குழந்தைக்கு இரண்டு வயதானதும் ஒரே ஒரு பொருளுக்கு எதிராக நிறுப்பார்களாம். பிறகு வருஷத்துக்கு ஒரு பொருள் கூடும் என்று அபுல் பஸலின் அயினி அக்பரி சொல்கிறது. மெழுகுவத்தி வருஷத்துக்கு ஒன்று கூடுகிற மாதிரிதான். ஆனால் மெழுகுவத்தி எரிந்து போகிறது. அங்கே ஏழை வீட்டுக்குப் பொருள் போயிற்று.

சாஸ்திரம், கல்வெட்டு எல்லாம் ராஜாவைப் பற்றிப் பேசுகின்றனவே, குழந்தையைப் பற்றித் தமிழில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். பிள்ளைத்தமிழ் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியது தொடங்கி, குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடியது வரையில் அது ஒரு பெரிய வரிசை. குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை என்று அதற்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, தாலாட்டு தால், கை கொட்டுவது சப்பாணி, முத்தம் கேட்பது ஒரு பருவம், தளர்நடை போட்டு வருவது வாரானை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. வருஷத்தை எண்ணாமல் குழந்தை புதிதாக என்ன செய்கிறது என்பதை எண்ணியிருக்கிறார்கள். எந்தத் தாயும் இப்படித்தான் எண்ணுவாள்.

ஆனால் பத்துப் பருவங்களில் முதல் பருவம் எது? காப்பு. குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிடுவது. கொஞ்சல், முத்தம், நிலா எல்லாம் அதற்கு அப்புறந்தான். இது வெறும் சம்பிரதாயம் என்று நான் கல்லூரிக் காலத்தில் நினைத்திருந்தேன்.

இனி நம் சொந்த ஊருக்கு வருவோம்.

கொங்கு நாட்டுக் குடியானவன் வீட்டில் குழந்தைக்குச் செய்கிற சீர்களுக்குக் குறைவே இல்லை. தொட்டில் போடுவது, பேர் வைப்பது, குலதெய்வத்துக்கோ பழனிக்கோ போய் முடி இறக்குவது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். காது குத்து என்றால் கிடாய் வெட்டு, மொய், மாமன் சீர் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கல்யாணம். பிறந்த நாள் மாத்திரம் கிடையாது. குழந்தை பிறந்த கிழமையும் நேரமும் பெற்றவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அதைப் பேசமாட்டார்கள்.

ஏன் பேசமாட்டார்கள் என்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே சாட்சி. குப்பன், குப்பாயி, குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள், வேம்பு என்று முந்தின தலைமுறைகளில் எத்தனை பேர்! முதல் குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுத்து, 'இது குப்பையில் கிடந்தது, யாருக்கும் வேண்டாதது' என்று பெயர் வைப்பார்கள். சில ஊர்களில் மூக்குக் குத்திவிடுவார்கள். யமனை ஏமாற்றுகிற தந்திரம். குப்பன் என்று பெயர் வைத்துவிட்டு, வருஷா வருஷம் விருந்து வைத்து, 'எங்கள் குப்பனுக்கு இன்று வயது நான்கு' என்று தண்டோரா போட்டால் தந்திரம் என்னவாகும்?

தந்திரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தைக் கொங்குக் கிழவர்கள் வெகு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரைப் பிளேக் நோய் பிடித்தது. ஊரைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் வெளியே போய்க் குடிசை போட்ட காலம் அது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோவையில் இன்றும் கோயில்கள் உண்டு. அம்மைக்கு ஒரு மாரி இருந்தது போதாமல் பிளேக்குக்கும் ஒரு மாரி வேண்டியிருந்தது. நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் முதல் வருஷம் நிறைவதற்கு முன்பே இறந்தன என்று 1951ஐ ஒட்டிய சர்க்கார் கணக்கு சொல்கிறது. ஏழு தொட்டிலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அந்த எண் 2020ல் 13. ஒரு வாழ்நாளில், அமுச்சியின் வாழ்நாளுக்குள்ளேயே, நடந்த மாறுதல் இது. அணைக்கட்டுகளைப் பற்றியும் ஆலைகளைப் பற்றியும் பெருமைப்படுகிறோம். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிற தூரத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

சரி, தேதி எப்போது வந்தது? தேதியைக் கொண்டுவந்தது அன்பு அல்ல; ரிஜிஸ்தர். பிறப்பு இறப்புகளைப் பதியச் சென்னை மாகாணத்தில் 1899லேயே ஒரு சட்டம் உண்டு. கிராமத்தில் மணியகாரர் சௌகரியப்பட்டபோது எழுதுவார். நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969ல். இதற்கு நடுவே, குழந்தைக்குப் பிறந்த தேதி கொடுத்த புண்ணியவான் யார் என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தை ஒட்டி அவர் ஒரு தேதியைப் போடுவார். என் தாயின் பிறந்த நாள் ஜூன் முதல் தேதி. அவளோடு சேர்ந்த நாலைந்து பேருக்கும் அதே ஜூன் முதல் தேதி. அந்தக் கிராமத்தில் ஒரே நாளில் அத்தனை பிரசவம் பார்த்த மருத்துவச்சியை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

தேதி வந்தாயிற்று. இனி கேக் வர வேண்டும்.

பிறந்த நாளுக்கும் அடுப்பங்கரைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. எப்போதும் மங்களகரமானது என்று சொல்ல முடியாது. பைபிளின் ஆதியாகமத்தில் எகிப்து ராஜாவான பார்வோனுக்குப் பிறந்த நாள் வருகிறது. விருந்து வைக்கிறான். சிறையில் இருந்த பானபாத்திரக்காரனை விடுவிக்கிறான். சிறையில் இருந்த ரொட்டிக்காரனைத் தூக்கில் போடுகிறான். ஒருவனையாவது விட்டானே என்று நம் தொல்காப்பியர் பாதி மார்க்குக் கொடுக்கலாம்.

வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றிய கேக்கைப் பற்றிய பழைய செய்திகளில் ஒன்று ஜெர்மனியைச் சேர்ந்தது. 1746ல் மொரேவிய சபைத் தலைவரான ஸின்ஸெண்டார்ப் பிரபுவுக்குப் பிறந்த நாள். அடுப்புக் கொள்ளுகிற மட்டும் பெரிய கேக் செய்து, அவர் வயதுக்கு இத்தனை என்று துளையிட்டு, துளைக்கு ஒரு மெழுகுவத்தியும் நடுவில் ஒன்றும் நட்டார்கள் என்று அங்கே இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பிரபு நமக்கு அவ்வளவு தூரத்து மனிதர் அல்ல. சிறுவயதில் அவர் ஹாலே நகரத்தில் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் வைத்த ஸீகன்பால்கு 1715ல் அந்த ஊருக்குப் போயிருந்தார். பிரபு இறந்த அதே 1760ல் அவருடைய சபையார் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியேறினார்கள். கேக்கில் மெழுகுவத்தி நட்ட கூட்டத்தின் கிளை ஒன்று, காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது!

அந்த நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் இந்த வழக்கத்தைக் குழந்தைகளுக்கு மாற்றினார்கள். பிறந்த நாளுக்கு என்று விருந்து. விருந்தின் எஜமான் குழந்தை. வயதுக்கு ஒரு மெழுகுவத்தி, நடுவில் கூடுதலாக ஒன்று. நடுவில் இருப்பது உயிரின் விளக்கு. காலையில் ஏற்றினால் இரவுச் சாப்பாடு வரை அணையாமல் பார்த்துக்கொள்வார்கள்; ஒன்று எரிந்து தீர்ந்தால் புதிதாக ஒன்றை நடுவார்கள். ஊதுவது கடைசியில்தான். நாளெல்லாம் காத்த விளக்கை நாம் ஒரு நிமிஷத்துக்குச் சுருக்கி, ஏற்றினவுடனே ஊதுகிறோம். அமுச்சியின் இரண்டாவது ஆட்சேபத்துக்கும் ஆதரவு கிடைத்துவிட்டது, அதுவும் ஜெர்மனியிலிருந்து!

பாட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் பாட்டி ஹில் என்ற பள்ளி ஆசிரியையும் அவர் அக்காள் மில்ட்ரெட் ஹில்லும் 1893ல் குழந்தைகளுக்கான பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் காலை வணக்கம் சொல்லும் ஒரு பாட்டின் மெட்டுத்தான் இன்று உலகமெல்லாம் பிறந்த நாளில் பாடப்படுகிறது. வெகு காலம் அந்தப் பாட்டுக்கு ஒரு கம்பெனி காசு வாங்கிக்கொண்டிருந்தது. 2015ல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் 1966ல் 'நாம் மூவர்' படம் வந்த பிறகு நமக்கே நமக்கென்று ஒரு பிறந்த நாள் பாட்டுக் கிடைத்தது. அதைப் பாடாத ஒலிபெருக்கி கிடையாது.

கேக் நம் பக்கம் வந்த வழி பாலக்காட்டுக் கணவாய். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்ட மாம்பள்ளி பாபு என்பவர் 1880ல் தலைச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். 1883ல் அஞ்சரக்கண்டி லவங்கப் பட்டைத் தோட்டத்து முர்டாக் பிரவுன் துரை, இங்கிலாந்து கேக் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, இதைப் போல் செய்து தா என்றார். பாபு செய்தார். இன்று கோவையில் திரும்பின தெருவெல்லாம் இருக்கிற பேக்கரிகளில் பலவற்றை மலையாள நண்பர்கள் நடத்துவதற்கு, கணவாய் இத்தனை கிட்டத்தில் இருப்பதும் ஒரு காரணம். அதற்கு முன்னமேயே போத்தனூரில் 1862ல் ரயில் வந்துவிட்டது. ரயிலோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அதே வருஷம் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் பள்ளிக்கூடம் வைத்தார். மலைமேல் தோட்டத் துரைகள் இருந்தார்கள். துரை வீட்டுக் குழந்தைக்குக் கேக் வெட்டுவதை வேலைக்காரர் பார்த்தார். ஆலை முதலாளி பார்த்தார். பிறகு சினிமா எல்லாருக்கும் காட்டியது. பியானோவும் பலூனும் இல்லாமல் அந்தக் காலத்துப் படத்தில் பிறந்த நாள் நடக்காது. நடுத்தர வீட்டில் பியானோ இல்லை, பலூன் மலிவு. எனக்கு ஏழு வயதில் முதல் கேக் வெட்டினார்கள். ஒரு கிலோவில் பாதி. அதை முப்பது பேர் சாப்பிட்டோம்.

இவ்வளவு படித்த பிற்பாடும் என் மனம் அந்தச் சிறைவிடுதலிலேயே நின்றது. ராஜாக்கள் போய்விட்டார்கள், அந்த வழக்கம் போகவில்லை. அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி 2008 செப்டம்பரில் தமிழக அரசாங்கம் 1,400க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விடுதலை செய்தது. மாலை போட்டார்கள் என்பதைவிட இது எனக்குப் பெரிய மங்கலமாகப் படுகிறது. பெருமங்கலம் என்ற துறை இன்னும் செத்துவிடவில்லை.

இன்னொரு விடுதலை, குழந்தைகள் சம்பந்தப்பட்டது. குழந்தைக் கல்வியில் உலகப் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. இத்தாலியர் என்பதால் கூட இருந்த அவர் மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் சர்க்கார் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தது. 1940 ஆகஸ்ட் 31 அம்மையாருக்கு எழுபதாவது பிறந்த நாள். வைஸிராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்த நாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தோம், தங்கள் மகனைத் திருப்பி அனுப்புவதே நல்ல பரிசாகத் தோன்றிற்று என்ற கருத்தில். மாரியோ வந்து சேர்ந்தார். ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் வைத்திருந்த சர்க்கார்தான் அது. ஆனாலும் ஒரு நாள், ஒரு தாய்க்கு, வெள்ளணி நாளின் முறைப்படி நடந்துகொண்டது.

இந்தக் கதைகளையெல்லாம் என் மகளுக்கு இரவில் துண்டு துண்டாகச் சொன்னேன். அவளுக்குக் கேக் கதையில் அக்கறை இல்லை. ராஜா பிறந்த நாளில் ஜெயிலைத் திறந்துவிடுவார் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ராணிதானே?"

"ஆமாம்."

"நம்ம வீட்டிலே யாரு ஜெயில்லே இருக்கறாங்க?"

"ஒருத்தரும் இல்லை, கண்ணு."

அவள் யோசித்தாள். "அமுச்சியை ரூமுக்குள்ளே வெக்கறதா அம்மா சொன்னாங்களே" என்றாள்.

உண்மைதான். முப்பது குழந்தைகள் ஓடுகிற கூட்டத்தில் யாராவது இடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது, தொண்ணூறு வயது எலும்பு ஆயிற்றே என்று, விருந்து முடியும் மட்டும் அமுச்சியை உள்ளறையில் உட்கார வைப்பதாக நானும் என் மனைவியும் பேசி வைத்திருந்தோம். நல்லெண்ணத்தோடுதான். எல்லாச் சிறைக்கும் ஒரு நல்லெண்ணம் இருக்கும் போலும்.

விருந்து நாளன்று அமுச்சி கூடத்தில், காகிதச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும் உடுத்துகிற வெள்ளைச் சேலைதான். தங்கத் தீமுக்கு நடுவில் வெள்ளணி அணிந்தவள் அவள் ஒருத்தியே. விளக்கு விஷயத்தில் நான் ஒரு சமாதான உடன்படிக்கை செய்து வைத்தேன். கேக்கில் ஐந்து மெழுகுவத்தி. அதைக் குழந்தை ஊதிக்கொள்ளட்டும். ஜெர்மானியர்கள் நடுவில் வைத்த அந்தக் கூடுதல் விளக்குக்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அதை அமுச்சி ஏற்றுவாள், யாரும் அணைக்கக் கூடாது. இரு தரப்பும் சம்மதித்தன. கேக்கோடு, அமுச்சியின் மேற்பார்வையில் சுட்ட கச்சாயமும் பரிமாறப்பட்டது. எது முதலில் தீர்ந்தது என்று சொன்னால் பேக்கரிக்காரர் வருத்தப்படுவார்.

ராத்திரி எல்லாரும் போன பிறகு பலூன்கள் உருண்டுகொண்டிருந்தன. குழந்தை கிரீடத்தோடு தூங்கிவிட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அமுச்சியிடம், "உங்களுக்கும் ஒரு பொறந்த நாள் வெச்சுரலாமுங், அமுச்சி. ஒரு தேதி சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குச் சாமி? அதெல்லாம் ஆரு கண்டாங்க" என்றாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மூத்தவன் ஆவணி மாசம். வெசாளக்கெழமை, கோழி கூப்படற நேரம். பத்து மாசம் இருந்தான். எந்திரிச்சு நிக்கப் பழகிட்டான். அப்பறம் ஒரு பொட்டப்புள்ளை. தைப்பூசத்துக்கு மறுநாள், நல்ல உச்சி வெயிலு. நாப்பத்தேழு நாளு."

அவளுக்கு நாலு குழந்தைகள் என்று எனக்குத் தெரியும். என் தாய் அதில் மூத்தவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் தாய்க்கும் அப்படித்தான். தன் பிறந்த நாளை அறியாத அந்த மனுஷி, ஊரைக் கூட்டி ஒருநாளும் எண்ணிக் காட்டாமல், அந்த இரண்டு பிறந்த நாட்களையும் எழுபது வருஷமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பேரு வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சோம்" என்றாள். சொல்லவில்லை. "எண்ணெயக் கொஞ்சம் ஊத்து, கண்ணு. வெடியறவரைக்கும் நிக்கட்டும்" என்றாள்.

நான் போய் எண்ணெய் எடுத்து வந்து ஊற்றினேன்.